ஏழாம் எண் தொட்டி

எங்கள் மாடியில் பத்துப் பன்னிரண்டு தொட்டிகள் இருக்கின்றன. மருமகள் கறிவேப்பிலை, செம்பருத்தி, துளசி என்று வைத்திருக்கிறாள். ஓரத்தில் ஒரு தொட்டி மட்டும் வெறும் மண்ணோடு இருக்கிறது. அதில் ஒரு தகரத் துண்டு செருகியிருக்கும். பச்சைப் பெயிண்டில், பொடி எழுத்தில், "7. செத்தது" என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியது நான் இல்லை. பெங்களூர் நீலசந்திராவில் இந்த வீட்டைக் கட்டுவதற்கு முன்பே, ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தபோதே அந்தத் தொட்டி என்னிடம் வந்துவிட்டது. மூன்று வீடு மாறினேன். மூன்று தடவையும் அதை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். மாடிக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இது ஏன் காலியா கிடக்குது? ஒரு ரோஜாவாவது வைக்கலாமே?" நாற்பது வருஷம் செடி வளர்த்தவனிடம் ரோஜா வைக்கச் சொல்கிறார்கள். பதில் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் இனி கேட்கிறவர்களிடம் இதைக் கொடுத்துவிட்டு நான் என் வேலையைப் பார்க்கலாம்.

அந்தத் தகரத்தில் எழுதியவர் எனக்கு அதிகாரியாக இருந்த ஒரு பெண்மணி; அம்மா என்றுதான் கூப்பிடுவோம். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். பெங்களூருக்கு வெளியே ஒரு சர்க்கார் விவசாயப் பண்ணை. அதில் பயிர் நோய்ப் பிரிவு என்று இரண்டு அறைகள், ஒரு கண்ணாடிக் கொட்டகை. அம்மா அங்கே உதவி அதிகாரி. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருந்த தமிழ்க் குடும்பம். அவருடைய அப்பா மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர். இலையில் படரும் பூஞ்சையைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை என்பதால், பண்ணை ஆட்கள் நாங்கள் அவரைப் பின்னால் பூஞ்சையம்மா என்போம். அது அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தோம். ஒரு நாள் கொட்டகைக்குப் பின்னால் நான்கு பேர் குந்தியிருந்தபோது, "பூஞ்சையம்மா வந்தாச்சு, பீடியை அணையுங்க. புகையிலைக் கையோட என் செடியைத் தொடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான்கு பீடியும் ஒரே நேரத்தில் மண்ணுக்குள் போயின. நான் அங்கே தோட்டக்காரன்; பண்ணையில் எல்லோரும் என்னை "ஏய் மாலி" என்று கூப்பிடுவார்கள். அவர் மட்டும் "நீங்க" என்பார். அதற்காக அவரிடம் எனக்கு மரியாதை வந்துவிட்டது என்று எழுத மாட்டேன். முதலில் எரிச்சல்தான் வந்தது. "நீங்க" என்று சொல்லிவிட்டு, செய்த வேலையை மூன்று தடவை திருப்பிச் செய்யச் சொல்வார்.

அது அரிசி கிடைக்காத காலம். ரேஷன் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும். அரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு சாப்பிடுங்கள், மரவள்ளி பயிர் செய்யுங்கள் என்று சர்க்கார் சொன்னது. மரவள்ளியை விதை போட்டு வளர்ப்பதில்லை. செடியின் தண்டை ஒரு சாண் துண்டாக வெட்டி நடுவார்கள். அந்தக் குச்சி முளைத்துச் செடியாகும். சேலத்துப் பக்கமிருந்து கட்டுக் கட்டாகக் குச்சி வந்து இறங்கியது. பண்ணையிலும் நட்டோம், சுற்றுவட்டாரத்து ரைதுகளுக்கும், அதாவது விவசாயிகளுக்கும், கொடுத்தோம். இரண்டாம் வருஷமே இலைகள் கெட்டுப்போக ஆரம்பித்தன. பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாக, இலை கோணிக்கொண்டு, குழந்தை கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருக்கும். தோண்டிப் பார்த்தால் கிழங்கு விரல் கனம்கூட இருக்காது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு அவித்த கிழங்கும் பச்சைமிளகாயும்தான். அதனால் அந்த இலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்று தெரியாத கோபம்.

பண்ணையில் மண் பரிசோதனைப் பிரிவுக்கு ஒரு ஆபீசர் இருந்தார். துமகூருக்காரர். எங்களோடு பேசும்போது தமிழையும் கன்னடத்தையும் ஒரே வாக்கியத்தில் போட்டு அரைப்பார். மண்ணில் துத்தநாகச் சத்து இல்லாததால்தான் இலை இப்படி ஆகிறது என்றார் அவர். துத்தநாக உப்பைத் தண்ணீரில் கரைத்து, தன்னுடைய பாத்தியில் இருந்த செடிகளுக்கு வாரம் ஒரு முறை தானே நின்று தெளித்தார். செடிகளும் பச்சை பிடித்தன. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவர் பொய்க்காரர் இல்லை. வெயிலில் ஆட்களோடு நின்று வேலை செய்கிறவர். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரன் ஆகிவிடுவேன்.

அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. இது வைரஸ் நோய், மண்ணில் இல்லை, குச்சிக்குள்ளேயே இருக்கிறது, குச்சியோடு ஊர் ஊராகப் போகிறது என்றார். இரண்டில் எது சரி என்பது சும்மா படித்தவர்கள் வாதம் இல்லை. மண் என்றால் ரைது உப்பு வாங்கித் தெளித்தால் போதும். குச்சி என்றால் உப்புக்குப் போட்ட பணம் எல்லாம் வீண். நோய்ச் செடியைப் பிடுங்கிக் கொளுத்திவிட்டு, சுத்தமான குச்சியைத் தேடி நட வேண்டும். உப்பு மூட்டைகள் வாங்கலாமா என்று மேலிடத்திலிருந்து கேட்டுக் கடிதம் வந்திருந்தது. பண்ணை சூப்பரிண்டெண்ட் பதில் எழுத வேண்டும்.

"பூதக்கண்ணாடியில அந்த வைரஸ் தெரியுமாம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெரியாது. என்னோட கண்ணாடிக்கு அகப்படாது. அவ்வளவு சின்னது."

"அகப்படாததை எப்படிப் பிடிப்பீங்க?"

"பிடிக்க முடியாது. எங்கேர்ந்து எங்கே போறதுன்னு காட்ட மட்டும்தான் முடியும். நோய்ச் செடியோட துண்டை நல்ல செடியில ஒட்டினா நல்லதுக்கும் வரணும். நல்ல துண்டை ஒட்டினதுக்கு வரக் கூடாது. ரெண்டும் நடந்தாதான் நான் வாயைத் திறக்கலாம்."

அவருக்கு ஒட்டுக் கட்ட வராது. புத்தகத்தில் படம் பார்த்துக் கட்டுவார், நாலாம் நாள் கழன்று விழும். எனக்கு அது கை வந்த வேலை. பண்ணைக்கு வருவதற்கு முன் கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு நர்சரியில் பத்து வருஷம் ரோஜா ஒட்டினவன் நான். மரவள்ளியில் தொல்லை என்னவென்றால், தண்டை வெட்டினால் பால் வடியும். ஈரப் பாலோடு கட்டினால் உள்ளே அழுகிவிடும். தண்டை ஆப்பு மாதிரிச் சீவி, ஈரத்துணியால் துடைத்து, பால் நிற்கும் வரை பொறுத்து, பிறகு பொருத்தி வாழைநாரால் இறுக்கி, மேலே மெழுகு வைக்க வேண்டும். நான் இப்படிக் கட்டியதைப் பார்த்த அன்றைக்கே என்னைத் தோட்ட வேலையிலிருந்து கண்ணாடிக் கொட்டகைக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நோய் இல்லாத குச்சிகளை மலைப்பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வரவழைத்தார். இருபத்துநான்கு தொட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே குவியலிலிருந்து எடுத்து, ஆவியில் வேகவைத்து ஆற்றின மண். பன்னிரண்டு நல்ல குச்சிகளில் நோய்த் துண்டை ஒட்டினேன். மற்ற பன்னிரண்டில் நல்ல துண்டையே ஒட்டினேன். நல்ல துண்டு ஒட்டின இந்தப் பன்னிரண்டுக்கு சாட்சித் தொட்டிகள் என்று பெயர் வைத்தார். எல்லாவற்றையும் மல் துணியால் அடைத்த கூண்டுக்குள் வைத்து, இரட்டைக் கதவு போட்டோம். இலைக்கு அடியில் உட்காரும் வெள்ளை ஈ என்ற கடுகளவு பூச்சி நோயைத் தூக்கிப் போகிறது என்று அவருக்குச் சந்தேகம். அதனால் ஒரு பூச்சிகூட உள்ளே போகக் கூடாது. ஒவ்வொரு பன்னிரண்டுக்கும் ஒன்றிலிருந்து தனித்தனியாகத் தகரத்தில் நம்பர் எழுதினார். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதால் தமிழில் எழுதினார்.

இனிமேல் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் வாரம் அம்மா ஒரு கூட்டத்துக்காக மைசூர் போயிருந்தார். அந்தச் சமயத்தில் சாட்சித் தொட்டிகளில் மூன்று குச்சிகள் அழுகிப்போயின. மூன்று, ஏழு, பத்து. ஒட்டில் பால் தங்கிவிட்டது. என் கை வேலையில் வந்த கோளாறு. நர்சரியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரிசையில் காலித் தொட்டி நிற்கவே கூடாது. ஒரு செடி செத்தால் முதலாளி பார்ப்பதற்குள் அதே மாதிரி இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். "பல்லு போன வாய் மாதிரி நிக்குது பாரு, அடைடா அதை" என்று மேஸ்திரி கத்துவார். பத்து வருஷம் அதைக் கேட்டு வளர்ந்த கை. யோசிக்கவே இல்லை. மலைக்குச்சி மிச்சம் இல்லை. வெளியே போய், பண்ணையிலேயே நல்ல பச்சையாக இருந்த செடியிலிருந்து குச்சி வெட்டினேன். மண் ஆபீசரின் பாத்தியில், மூன்றாவது வரிசை. மற்றவற்றைப் போலத் தழும்பு இருக்க வேண்டுமே என்று ஒட்டும் கட்டி நட்டேன். செத்த குச்சிகளைக் குப்பைக் குழியில் போட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது வரிசை நிறைந்து அழகாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அம்மா வந்ததும் அந்த மூன்றையும் பார்த்து, "இது ஏன் குள்ளமா நிக்கறது?" என்று கேட்டார்.

"அந்தப் பக்கம் வெயில் படலைம்மா."

நம்பிவிட்டார். குனிந்து நோட்டில் "வெயில் குறைவு" என்று எழுதிக்கொண்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பதினோரு வருஷமாகத் தினக்கூலியாக இருந்த என் பெயர் அந்த மாதம்தான் பர்மனென்ட் லிஸ்டில் ஏறி, சூப்பரிண்டெண்ட் மேஜையில் கையெழுத்துக்குக் காத்துக்கிடந்தது. மூன்று குச்சிதானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

இரண்டு மாதத்தில் தெரிந்துவிட்டது. நோய்த் துண்டு ஒட்டினதில் பதினொன்றுக்கு நோய் வந்தது. அம்மா அன்று எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் சாட்சித் தொட்டிகளில் மூன்றில் மஞ்சள் திட்டு விழுந்தது. மூன்று, ஏழு, பத்து. மண் ஆபீசர் கூண்டுக்கு வெளியே நின்று துணி வழியாக எட்டிப் பார்த்தார். "ஏனம்மா, நல்ல துண்டு வெச்சதுக்கும் பந்துபிட்டிதே, வந்துடுச்சே? நான் சொன்னா கேக்கமாட்டேங்கறீங்க. மண்ணு, மண்ணு" என்றார். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் அதில் நியாயம் இருந்தது. நோய்த் துண்டு ஒட்டாததற்கும் நோய் வந்தால், அதை ஒட்டினதால் வந்தது என்று எப்படிச் சொல்வது?

அம்மா என்னைக் கேட்கவே இல்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாலி ஏதாவது தப்பு செய்திருப்பான் என்று எந்த அதிகாரியும் முதலில் நினைப்பார். அவர் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். கூண்டில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு துணியைச் சாண் சாணாகப் பார்த்தார். ஓட்டை இல்லை என்றதும், பூச்சி தன் புடவை மடிப்பில்தான் வந்திருக்கும் என்றார். முதல் கதவுக்கும் இரண்டாம் கதவுக்கும் நடுவில் நின்று, துணி துவைக்கும் பிரஷ்ஷால் புடவையைத் தலைப்பிலிருந்து கரை வரை தேய்ப்பார். அவர் தினமும் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வருவார். மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் வாங்கி வருவது. பூவில் பூச்சி ஒட்டிக்கொண்டு வருமோ என்று அதையும் விட்டுவிட்டார். அந்த வெறுந்தலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு, உண்மையைச் சொல்லாமலே இருந்திருப்பேன். என் குணம் எனக்குத் தெரியும். திட்டாமல் இருந்ததுதான் என்னை அரித்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் கூண்டு வாசலில் நின்று புடவையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "திங்கட்கிழமை சூப்பரிண்டெண்டுக்கு எழுதிக் கொடுத்துடப் போறேன். வைரஸ்னு நிரூபணம் ஆகலை, உப்பு வாங்கறதானா வாங்கிக்கலாம்னு."

"அந்தப் பிரஷ்ஷைக் கீழ போடுங்கம்மா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"பூச்சியும் வரலை, ஒண்ணும் வரலை. மூணு குச்சி செத்துப்போச்சு. நான்தான் வேற வெச்சேன். வெயில் படலைன்னது பொய்."

அவர் முகம் சிவந்தது. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தட்டும் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு.

"எந்தெந்த தொட்டி?"

"மூணு, ஏழு, பத்து."

"வேற எதையாவது மாத்தினீங்களா? நன்னா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லை. என் பிள்ளைங்க மேல ஆணையா இல்லை."

"ஆணை வேண்டாம். குச்சி எங்கே எடுத்தீங்க?"

"மண் ஆபீசர் பாத்தி. மூணாவது வரிசை."

பிரஷ்ஷை அப்படியே தரையில் போட்டுவிட்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் எதை நினைத்தார் என்பது எனக்கு உடனே புரியவில்லை. பிறகு அவரே விரலை மடக்கிச் சொன்னார். பன்னிரண்டு தொட்டியிலும் ஒரே மண். ஒரே தண்ணீர். ஒரே வெயில். மலைக்குச்சி ஒன்பதும் சுத்தமாக நிற்கின்றன. வெளியிலிருந்து வந்த மூன்றுக்கு மட்டும் நோய். அதுவும் உப்புத் தெளித்துக் குணமாகிவிட்டது என்று சொன்ன பாத்தியிலிருந்து வந்த குச்சி. உப்பில் இலை பச்சையானாலும், நல்ல மண்ணில் நட்ட பிறகும் நோய் அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் செய்த திருட்டு வேலை, அவர் சொன்னது சரி என்று சொல்லிக்கொண்டு நின்றது.

"அப்போ ஜெயிச்சிட்டீங்க" என்றேன்.

"இல்லை. இது பரிசோதனை இல்லை. மறைச்சுச் செஞ்ச காரியம். இதை வெச்சு நான் எதையும் நிரூபிக்க மாட்டேன். எல்லாத்தையும் பிடுங்கிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஆனா மண் ஆபீசர் இதைக் கேக்கணும். திங்கட்கிழமை நீங்களும் வாங்க. நீங்கதான் சொல்லணும்."

"நான் சொன்னா என் கையெழுத்து நின்னுபோகும்மா."

"தெரியும்" என்றார். அவ்வளவுதான். வற்புறுத்தவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். என் மனைவி, "திங்கட்கிழமை போகாம இருந்துடு, வயித்துவலின்னு சொல்லிக்கலாம்" என்றாள். அதுவும் ஒரு பொய். ஏற்கெனவே சொன்ன ஒன்றே போதும் என்றிருந்தது. போனேன்.

சூப்பரிண்டெண்ட் அறையில் மண் ஆபீசரும் இருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மண் ஆபீசர் முதலில் சிரித்தார். "ஹௌதா? மாலி குச்சி மாத்தினது எல்லாம் இப்ப சயின்ஸா? நாளைக்கு உங்க சமையல்காரன் வந்து சாட்சி சொல்வானா அம்மா?" என்றார்.

"இது சயின்ஸ்னு நான் சொல்லலை சார்" என்றார் அம்மா. "நிரூபணமும் இல்லை. ஆனா உங்க மூணாவது வரிசைக் குச்சி என் மண்ணுல நோய் காட்டறது. அது ஏன்னு உங்களுக்குத் தெரிஞ்சுக்க வேண்டாமா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பி, "சுள்ளு சொல்றியா மாலி? என் பாத்திக்குச்சிதானா?" என்று கேட்டார்.

"பொய் சொல்றதானா உங்க பாத்தின்னு சொல்லுவேனாய்யா? குப்பைக் குழின்னு சொல்லியிருப்பேன்."

சூப்பரிண்டெண்ட் பேனாவை மூடி வைத்தார். உப்பு மூட்டைக் கடிதத்துக்கு ஒரு வருஷம் பதில் இல்லை, மறுபடி செய்து காட்டுங்கள் என்றார். பிறகு என் லிஸ்டை எடுத்து, என் பெயருக்கு நேரே ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

மண் ஆபீசரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மறுநாள் காலையில், யாரும் சொல்லாமல், தானே தன் பாத்திக்குப் போய், இருப்பதிலேயே பச்சையாக இருந்த செடிகளிலிருந்து பன்னிரண்டு குச்சி வெட்டிக்கொண்டு வந்தார். "உங்க வேகவெச்ச மண்ணு கொடும்மா" என்று கேட்டு வாங்கி, தன் கையால் நட்டார். என்னைத் தொட விடவில்லை. "நீ தூரம் இரு, மாயக்காரா" என்றார். எட்டுக்கு நோய் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் தன் பாத்தி முழுவதையும் பிடுங்கிப் போட்டுத் தீ வைத்தார். பச்சைத் தண்டு சுலபத்தில் எரியாது. புகைந்துகொண்டே இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். புகைதான் என்று சொன்னார். இரண்டு வருஷத்து வேலை அது. இன்றைக்குத் தன் தப்பு தெரிந்த பிறகும் ரிப்போர்ட்டைத் திருத்தாத ஆட்களைப் பார்க்கும்போது அந்தப் புகைதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

இரண்டாம் தடவை மலைக்குச்சி வந்தது. மறுபடி இருபத்துநான்கு தொட்டிகள். பால் முழுக்க நிற்கும் வரை பொறுத்துத்தான் கட்டினேன். அப்படியும் சாட்சித் தொட்டிகளில் ஒன்று செத்தது. ஏழாம் எண். குச்சியை நான் பிடுங்கவில்லை. போய்ச் சொன்னேன். அம்மா பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, தகரத்தில் நம்பருக்குப் பக்கத்தில் "செத்தது" என்று எழுதினார்.

"இது இப்படியே வரிசையில நிக்கும்" என்றார். "பல்லு போன வாய் மாதிரி இருந்தாலும் பரவாயில்லை." மேஸ்திரி கத்தியதை எப்போதோ நான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

நான்கு மாதம் அந்தக் காலித் தொட்டி வரிசையில் நின்றது. காலையில் கூண்டைத் திறக்கும்போதெல்லாம் என் கை துறுதுறுக்கும். நோய்த் துண்டு ஒட்டின பன்னிரண்டுக்கும் நோய் வந்தது. சாட்சித் தொட்டிகளில் உயிரோடு இருந்த பதினொன்றும் கடைசி வரை சுத்தம். பிறகு வெள்ளை ஈயைக் கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சிப் பிடித்து, நோய் இலையில் மேயவிட்டு, நல்ல செடிக்கு மாற்றி, அதுவும் நோயைத் தூக்கிப் போகிறது என்று காட்டினோம். எத்தனை ஈயை நான் விழுங்கியிருப்பேன் என்று கணக்கு இல்லை. அம்மா ரிப்போர்ட் எழுதினார். உப்பு மூட்டை வாங்கவில்லை. சுத்தமான குச்சிக்கு என்று தனியாக ஒரு பாத்தி போட்டார்கள். அம்மா மறுபடி கனகாம்பரம் வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்.

எனக்குக் கையெழுத்து வர மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. என்னோடு லிஸ்டில் இருந்தவர்கள் எல்லோரும் எனக்கு சீனியர் ஆகிவிட்டார்கள். அம்மா தன் ரிப்போர்ட்டில் முதல் பரிசோதனையைப் பற்றியும் எழுதியிருந்தார். மூன்று தொட்டிகள் அனுமதி இல்லாமல் மாற்றப்பட்டதால் அது தள்ளப்பட்டது, மாற்றியதைத் தொழிலாளி தானாகவே வந்து சொன்னார் என்று. ஆபீஸ் குமாஸ்தா அதைப் படித்துக் காட்டினார். பெருமைப்படுவேன் என்று நினைத்தார் போல. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே போய்க் கேட்டேன்.

"எனக்காக நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சூப்பரிண்டெண்ட் கையெழுத்துப் போட்டிருப்பார். ஏம்மா சொல்லலை?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சேன். சொல்லியிருந்தா, கையெழுத்துக்காக நீங்க எனக்குச் சாதகமா பேசினீங்கன்னு ஆயிருக்கும். நீங்க சொன்னதை யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. அதுக்காகச் சொல்லலை." பேனாவை மறுபடி எடுத்தார். "அது தப்பாக்கூட இருக்கலாம். எனக்குத் தெரியலை."

"தப்புதான்" என்றேன். வெளியே வந்துவிட்டேன். அதன் பிறகும் ஆறு வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். இரண்டு பேரும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அது தப்பா சரியா என்று எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. அவர் மேல் உள்ள கோபமும் முழுக்கப் போகவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரு வார்த்தையை, அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதி வைத்தவர் அவர் ஒருவர்தான்.

அம்மா மாற்றலாகிக் கேரளப் பக்கம் போகும்போது கொட்டகையைக் காலி செய்தார். நிறையத் தொட்டிகளை ஆட்களுக்குக் கொடுத்தார். எல்லோரும் ஆளுக்கு இரண்டு பெரியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நான் ஏழாம் எண்ணை எடுத்தேன். அவர் பார்த்தார். "அதுல என்ன வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் வைக்க மாட்டேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

போன மாதம் மருமகளின் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தேன். இலை புதிதாக இருந்தது, தண்டு மெலிந்திருந்தது. நான் வெளியூர் போயிருந்த ஒரு வாரத்தில் பழைய செடி செத்துப்போய், அவள் நர்சரியில் வேறு வாங்கி வைத்திருக்கிறாள். மாமனார் சத்தம் போடுவார் என்று பயம். நாற்பது வருஷம் செடி பார்த்தவனுக்கு இது தெரியாதா? "இது பழசு இல்லையே" என்றேன். "வெயில் படலை மாமா, அதான் இளைச்சிடுச்சு" என்றாள்.

வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். சத்தம் போட்டிருந்தால் அவள் அந்தப் பொய்யையே பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். ஏழாம் எண் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவள் துணி உலர்த்தினாள். வாளி காலியாயிற்று. பிறகு பக்கத்தில் வந்து நின்று, "பழசு செத்துப்போச்சு மாமா, தண்ணி ஊத்த மறந்துட்டேன்" என்றாள்.

"சரி" என்றேன். "ஒரு தகரமும் பெயிண்டும் கொண்டா."